கிளுவம்புலம் சங்கத்தின் கோழிக்கால்

ரொறன்ரோவில் கிளுவம்புலத்தார் முந்நூறு குடும்பம் இருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இரண்டே இரண்டுதான். பக்கத்து ஊர்க்காரரைப்போல நாலாயும் ஐந்தாயும் உடைந்துபோகவில்லை என்பதில் இரண்டு சங்கத்துக்கும் பெருமை. முதலாவது, கிளுவம்புலம் மகாவித்தியாலயப் பழைய மாணவர் சங்கம், கனடா. இரண்டாவது, கனடா கிளுவம்புலம் மகாவித்தியாலயப் பழைய மாணவர் சங்கம். இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர் வெளியூர்க்காரர் என்று அறிக.

நாங்கள் பேசப்போவது முதலாவது சங்கத்தைப்பற்றி. அதற்கு நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு யாப்பு, அதாவது சட்டதிட்டப் புத்தகம், இருந்தது. வட்டமுத்திரை இருந்தது. செயலகமும் இருந்தது. செயலகம் என்பது தலைவர் சண்முகலிங்கத்தின் வீட்டு நிலக்கீழறை. ஒரு பக்கம் மேசையும் குட்டிக் கொடியும். மறுபக்கம் உடுப்புத் தோய்க்கும் மெசின். மெசின் கடைசிச் சுற்றுச் சுற்றத் தொடங்கினால் யார் பேசினாலும் கேட்காது. அந்த நேரத்தில்தான் முக்கியமான தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

ஜெயரட்ணம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதனால் அவன் சங்கத்தில் இணை உறுப்பினன். இணை உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை. கதிரை அடுக்கும் உரிமை உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உயிரியல் படித்துப் பல்கலைக்கழக வாசல்வரை போய், டொக்டராக வந்திருக்கவேண்டியவர்கள். நாலு ஐந்து மார்க்கில் உலகம் அவர்களை இழந்துவிட்டது.

ஜெயரட்ணத்துக்கு அந்தக் குறை இல்லை. யங் வீதிப்பக்கம் ஒரு பிரெஞ்சு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவப் போனவன், ஒன்பது வருசத்தில் அடுப்பில் நிற்கிற ஆளாகிவிட்டான். வெள்ளைக்காரப் பெரிய சமையல்காரர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்கப் போகிற நாட்களில் சமையல் முழுக்க இவன் கைதான். தொண்ணூற்றாறாம் ஆண்டு இளவேனிலில் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. வோபர்னில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் சின்னக் கிச்சின் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் கேற்றறிங் தொடங்குவது என்று. தலைவர் சண்முகலிங்கம் முதுகில் தட்டினார்.

"துணிஞ்சு இறங்கும் தம்பி. ஓகஸ்டிலை என்ரை மகள் சுபாங்கியின்ரை கலியாணம். தாலி கட்டு கோயிலிலை, சைவச் சாப்பாடு. அடுத்தநாள் றிசெப்சன், நானூற்றைம்பது பேர். அது உமக்குத்தான். அதுக்கு முன்னம் எங்கடை ஆண்டுவிழாச் சாப்பாட்டைச் செய்து காட்டும்."

நானூற்றைம்பது பேர் ஒருநாள் கைநனைத்தால் ரொறன்ரோத் தமிழரில் பாதிப்பேர் நாக்கில் அவன் பெயர் நிற்கும். அந்த வாக்கை நம்பித்தான் ஜெயரட்ணம் றெஸ்ரோறன்ற் வேலையை விட்டான்.

ஆண்டுவிழாச் சாப்பாடு பற்றிக் கதைக்கச் செயலகத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். உடுப்பு மெசினுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கொடுத்தார்கள்.

"இந்தமுறை மாநகரசபையிலையிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிரமுகர் வாறார்," என்றார் தலைவர். "இடியப்பத்தையும் சொதியையும் குடுத்து அனுப்பேலாது. உம்மடை பிரெஞ்சுக் கடையிலை ஆகத் திறமான சாப்பாடு எது?"

"திறமெண்டால் அண்ணை, ஆக்கள் தேடி வாறது ஒண்டுக்குத்தான். ஆனா அது..."

செயலாளர் மகேஸ்வரன் கையைத் தூக்கினார். அவர் ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை செய்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறார். வார இறுதியில் மட்டும் திரும்பவும் கச்சேரி ஆகிவிடுவார்.

"பொறும், பொறும். வாயாலை சொல்லாதேயும். சங்கத்திலை எல்லாம் எழுத்திலைதான். படிவம் ஏழு தாறன்."

"இல்லை அண்ணை, இது முதல்லையே சொல்லவேண்டிய விசயம்."

"முதல்லை எழுதவேணும். பிறகு நாங்கள் பரிசீலிப்பம். பிறகு அங்கீகரிப்பம். அதுக்குப் பிறகு நீர் சொல்லலாம்."

ஜெயரட்ணம் படிவம் ஏழை மூன்று பிரதியில், நீல மையில், நிரப்பினான். பதினாலாவது உருப்படியாக, வடிவான எழுத்தில் எழுதினான்: தவளைக்கால், வெண்ணெயிலும் உள்ளியிலும் பொரித்தது, முந்நூறு.

இரண்டு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. மூன்று கையெழுத்து. வட்டமுத்திரை. பதினாலாவது உருப்படிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "சிறப்பு. இருமடங்காக்கவும்."

அதைத் தன் உதவிக்கு வந்த நீக்கிலாசிடம் காட்டினான். நீக்கிலாஸ் பாசையூரான். கடலில் இருந்து வருகிற எதையும் பெயர் கேட்காமல் சாப்பிடுகிறவன்.

"மச்சான், நானே உந்தத் தவளையைத் தொடமாட்டன்," என்றான் நீக்கிலாஸ். "திருநீறு பூசிக்கொண்டு திரியிற ஆக்கள் அறுநூறு கேக்கினமோ?"

"முன்னேறிட்டினம் போல," என்றான் ஜெயரட்ணம். அவனுக்கு ஊரவரைப்பற்றி உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்தது.

தவளைக்கால் சமைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். உறையவைத்த கால்கள் சோடி சோடியாக வரும். இடுப்போடு ஒட்டியபடி, ஆரோ களிசானைக் கழற்றாமல் நீந்தப்போன மாதிரி இருக்கும். சோடியைப் பிரிக்கவேண்டும். பாலில் ஊறப்போட்டால் வெடுக்கு மணம் போகும். துடைத்து, உப்பும் மிளகும் மாவும் பிரட்டி, வெண்ணெய் நுரைக்கிற நேரம் போட்டு, பொன்னிறத்தில் திருப்பவேண்டும். கடைசியில் உள்ளிப்பூண்டு. பிரெஞ்சுக்காரர் அதற்குமேல் ஏதோ புல்லைத் தூவுவார்கள். ஜெயரட்ணம் கறிவேப்பிலையைத் தாளித்துப் போட்டு, தேசிக்காய் பிழிந்தான். வாசம் பிளாசாவின் முன்பக்கம்வரை போனது. பக்கத்துத் தையல்கடைக்காரி இரண்டுமுறை எட்டிப் பார்த்தாள்.

ஆண்டுவிழா ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்காபுறோவில் ஒரு பெரிய ஹோலில். வெள்ளைக்காரப் பிரமுகர் வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், "வணக்கம்" என்று ஒன்றரைத் தடவை சொன்னார், அடுத்த சங்கத்தின் குத்துவிளக்கை ஏற்றப் போய்விட்டார். அவருக்காகவென்று சமைத்த சாப்பாடு, ஆறு பேச்சு முடிந்தபிறகு, நாலு மணிக்குத் திறக்கப்பட்டது.

கதையை நீட்டுவானேன். மற்றச் சட்டிகளில் கரண்டி போட ஆள் இல்லை. பதினாலாவது தட்டைச் சுற்றித்தான் சனம். "என்ன மெதுமையான கோழிக்கால் பாத்தியளே!" "இது நாட்டுக்கோழி." "இல்லையப்பா, இது பிரெஞ்சுக் கோழி, அவங்கள் சின்னனிலேயே பிடிச்சிடுவாங்கள்." தலைவர் பதினொரு கால் சாப்பிட்டார். விநாயகமூர்த்தி மாஸ்ரர் பதின்மூன்றை முடித்துப் பதினாலாவதைக் கையில் வைத்திருந்தார். மாஸ்ரர் சாதாரண ஆள் இல்லை. கிளுவம்புலத்தில் இருபத்தெட்டு வருசம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவர். ஊரில் டொக்டரானவர்களும் ஆகாதவர்களும் அவரிடம்தான் தவளை வெட்டப் பழகினார்கள்.

தலைவருக்கு மனம் பொங்கிவிட்டது. ஜெயரட்ணத்தை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைக் கையில் கொடுத்தார்.

"எங்கடை தம்பி ஜெயம்! உந்தக் கோழிக்காலின்ரை இரகசியத்தைச் சபைக்குச் சொல்லும்!"

அங்கீகரித்தபிறகு சொல்லலாம் என்று செயலாளரே சொல்லியிருந்தார். ஜெயரட்ணம் மைக்கை வாயோடு பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். இரகசியம் எண்டு ஒண்டும் இல்லை. பாலிலை ஊறப்போடவேணும், இல்லாட்டி வெடுக்கடிக்கும். ஏனெண்டால் அது கோழி இல்லை, தவளை."

முதலில் ஹோலின் பின்பக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டி விழுந்தது. அதன்பிறகு கழிப்பறைப் பக்கம் போன கூட்டத்தைக் கணக்கிட முடியாது. மாஸ்ரர் தன் கையிலிருந்த பதினாலாவதைப் பார்த்தார். அது ஏற்கெனவே எலும்பாயிருந்தது. தலைவர் ஜெயரட்ணத்தின் தோளிலிருந்து பொன்னாடையை மெதுவாக உருவி, நாலாய் மடித்து, தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் செயலகத்தில் அவசரப் பொதுக்கூட்டம். முதல் தீர்மானம், ஜெயரட்ணத்தின் பேச்சைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்குவது. நீக்கினார்கள். ஆகவே அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் இரண்டாவது சங்கத்தார் நடத்திய பத்திரிகை முதற்பக்கத்தில் தலைவரின் படத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு தவளையையும் போட்டு, யார் யார் என்று எழுதாமல் விட்டுவிட்டது.

பின்வரிசையில் இருந்த யாரோ படிவம் ஏழைப்பற்றிக் கேட்டார்கள். அதில் தவளைக்கால் என்று எழுதியிருக்கிறதாமே, மூன்று பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்களாமே?

தலைவர் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"அன்பார்ந்த கிளுவம்புலத்தவர்களே! இந்தச் சங்கத்தின் பத்தாண்டு வரலாற்றில் ஒரு படிவத்தையாவது வாசித்துவிட்டு நாம் கையெழுத்து வைத்ததுண்டா? ஒருவரின் எழுத்தை ஒருவர் சந்தேகிப்பதிலிருந்துதான் பிளவு தொடங்குகிறது. வாசிக்கத் தொடங்கியவர்கள்தான் இன்று இரண்டாவது சங்கத்தில் இருக்கிறார்கள். நாம் வாசிக்கவில்லை. ஆகவேதான் நாம் ஒற்றுமையாக இருக்கிறோம்!"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

அடுத்து மாஸ்ரர். "என்ரை கையாலை இரண்டாயிரம் தவளை போயிருக்கு," என்றார். "தவளையின்ரை காலிலை எத்தனை தசை எண்டு நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன். அண்டைக்கு நான் பதினாலு சாப்பிட்டனான். அது தவளையெண்டால் எனக்குத் தெரியாமல் போகுமே? எனக்குத் தெரியேல்லை. ஆகவே அது தவளை இல்லை. இன்னுமொண்டு. தவளையெண்டால் போர்மலின் மணக்கும். அது உள்ளி மணந்தது."

டொக்டராக வந்திருக்கவேண்டியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் வெட்டிய தவளையும் போர்மலின்தான் மணந்தது.

ஆனாலும் பத்திரிகை பத்திரிகைதானே. உண்மையை நிலைநாட்ட மூவர் கொண்ட விசாரணைக்குழு ஒன்று அமைப்பது என்று மெசினின் கடைசிச் சுற்றில் முடிவானது. மாஸ்ரர் தலைமை. மகேஸ்வரன் செயலாளர். சண்முகலிங்கம், தான் பாதிக்கப்பட்டவர் என்பதால், உறுப்பினர். ஜெயரட்ணத்தை ஒரு ஓரமாகக் கூப்பிட்டுத் தலைவர் சொன்னார்:

"தம்பி, றிசெப்சன் ஓடர் அறிக்கை வரும்வரைக்கும் நிலுவையிலை நிக்குது. தவளையெண்டு முடிவானால் நான் உம்மை வைச்சுச் சமைக்கேலாது. மாப்பிள்ளை பகுதி ஒஷாவா ஆக்கள், கதை அங்கையும் போயிட்டுது. விளங்குதுதானே?"

"அண்ணை, கோழியெண்டு எழுதித் தாங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன். இப்பவே வைக்கிறன்."

"சீச்சீ! பொய்யாய்க் கையெழுத்து வைக்கிறதோ! முறையாய் விசாரிச்சுத்தான் கோழியெண்டு முடிவெடுப்பம்."

முதலாவது அமர்வுக்கு வந்த கடிதத்தில், சாட்சி தன்னுடன் பொருட்சான்றையும் கொண்டுவரவேண்டும் என்றிருந்தது. பொருட்சான்று என்றால் சர்ச்சைக்குரிய உணவு, அன்று சமைத்த அதே முறையில், அதே சூட்டில், அறுபது கால்.

ஜெயரட்ணம் சமைத்துக்கொண்டு போனான். குழு அதை முதலில் பார்வையிட்டது. பிறகு முகர்ந்து பார்த்தது. பார்வையிடுவதாலும் முகர்வதாலும் ஒரு முடிவுக்கு வரமுடியாது என்று மாஸ்ரர் கருதினார். அரை மணித்தியாலத்தில் தட்டில் கறிவேப்பிலைதான் மிச்சம்.

"தெளிவில்லை," என்றார் மாஸ்ரர், விரலை நக்கியபடி. "சான்று போதாது. அடுத்த ஞாயிறு எண்பது கொண்டுவாரும்."

இரண்டாவது அமர்விலும் தெளிவில்லை. மூன்றாவதில், சான்றைத் தனியே உட்கொள்வது நாவின் நடுநிலையைப் பாதிக்கிறது என்று மகேஸ்வரன் எழுத்தில் முறையிட்டார். பாணும் சேர்த்துக் கொண்டுவரும்படி உத்தரவாயிற்று. நாலாவது அமர்வுக்குப் பார்வையாளர் எட்டுப் பேர் வந்தார்கள். பார்வையாளரும் சாப்பிடலாமா என்று யாப்பில் இல்லை. சாப்பிடக்கூடாது என்றும் இல்லை. ஐந்தாவது அமர்வு நல்ல வெயில் நாள் என்பதால் பொருளாளர் வீட்டுப் பின்வளவில் குடை விரித்து நடந்தது. குளிர்பானம் வைத்தார்கள். பதினொரு பேரும் அரைக்களிசானோடு விசாரித்தார்கள்.

ஜெயரட்ணம் ஒவ்வொரு அமர்விலும் நின்றுகொண்டே இருந்தான். அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணை, நான் ஒண்டு சொல்லட்டோ?"

"சாட்சி கேட்டால்தான் கதைக்கலாம்," என்றார் மகேஸ்வரன், எலும்பைத் தட்டின் விளிம்பில் வைத்தபடி. "கேள்விகள் இன்னும் தயாராகேல்லை. முதல்லை சான்று முடியட்டும்."

"சான்று முடிஞ்சுது அண்ணை. தட்டிலை ஒண்டும் இல்லை."

"அதுதானே சொல்லுறன். போதேல்லை."

ஓகஸ்ட் தொடங்கிவிட்டது. கலியாணத்துக்கு மூன்று கிழமை. வேறு ஓடர் ஒன்றும் வரவில்லை. பிறந்தநாள் ஒன்றுக்குக் கேட்டு வந்த ஒரு மனிசர்கூட, "நீங்கள்தானே அந்தத் தவளை..." என்று தொடங்கிப் பாதியில் ரெலிபோனை வைத்துவிட்டார்.

"விட்டிட்டுப் பழைய வேலைக்குப் போ மச்சான்," என்றான் நீக்கிலாஸ்.

"அங்கை வேறை ஆள் எடுத்திட்டாங்கள்."

"அப்ப உவையளுக்குத் தவளை சமைச்சுப்போடுறதுதான் உன்ரை வாழ்க்கையோ? நீ நிப்பாட்டினால்தான் அவையள் நிப்பாட்டுவினம்."

ஏழாவது அமர்வு அன்றைக்குச் சரக்கு கொண்டுவருகிறவன் வரவில்லை. பிறீசரில் ஒரு கால்கூட இல்லை. செயலாளரின் கடிதமோ நூற்றிருபது கேட்டிருந்தது. ஜெயரட்ணம் யோசித்துப் பார்த்தான். சந்தையில் கைப்பிடி அளவுச் சின்னக் கோழி விற்கும். அதன் காலும் ஏறக்குறைய அந்த அளவுதான். வாங்கி, அதே பால், அதே மாவு, அதே வெண்ணெய், அதே உள்ளி. போனவுடன் உண்மையைச் சொல்லி, இதுதான் கோழி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கும்பிட்டுக் கேட்பது என்று நினைத்துக்கொண்டு போனான்.

"அண்ணை, சாப்பிட முன்னம் ஒரு வார்த்தை. இண்டைக்கு நான் கொண்டு வந்தது..."

"சாட்சி!" என்றார் மகேஸ்வரன்.

சாட்சி வாயை மூடிக்கொண்டது.

மாஸ்ரர் ஒரு காலை எடுத்துக் கடித்தார். சப்பினார். சப்புவதை நிறுத்தினார். முகம் சுருங்கியது. வாய்க்குள் விரலை விட்டு எதையோ இழுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி மாதிரி மெல்லிய ஒரு எலும்பு. பல்முரசில் குத்தியிருந்தது.

"ஆஹா!" என்றார் மாஸ்ரர். "பிடிபட்டுது!"

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"இதுதான் தவளை! உந்த ஊசி எலும்பைப் பாருங்கோ. தண்ணியிலை தத்துற பிராணிக்குத்தான் உப்பிடி ஒரு எலும்பு வேணும். கோழிக்கு ஏன்? கோழி தத்துதே? சதையைப் பாருங்கோ, சக்கை. மணத்தைப் பாருங்கோ!"

தலைவரும் கடித்துப் பார்த்தார். "ஓம் மாஸ்ரர், ஒரு வெடுக்கு இருக்கு."

"குளத்து மணம்," என்றார் மகேஸ்வரன்.

பொருளாளர் வாஷ்றூம் பக்கம் போனார். நூற்றிருபது கோழிக்காலும் தொடாமல் கிடந்தன. ஜெயரட்ணம் வாய் திறந்தான். அவனைப் பார்த்து மாஸ்ரர் மட்டும், ஒரு ஆசிரியருக்குரிய கருணையோடு, சொன்னார்: "உம்மிலை பிழையில்லை தம்பி. நீர் பயோ படிக்கேல்லைத்தானே. உமக்கு எப்பிடி வித்தியாசம் தெரியும்?"

அறிக்கை பதினெட்டுப் பக்கம். சிறப்புப் பொதுக்கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று வாசித்தார்.

"ஏழு அமர்வுகளில், தன்னலம் பாராது, வயிற்றையும் பாராது, இக்குழு ஆற்றிய பணியின் முடிவு பின்வருமாறு. ஆண்டுவிழாவிலும் முதல் ஆறு அமர்வுகளிலும் பரிமாறப்பட்டது கோழி. ஏழாவது அமர்வில் பரிமாறப்பட்டது தவளை. எமது உறுப்பினர் தவளையை வாயில் வைத்த கணத்திலேயே அடையாளம் கண்டு துப்பினர் என்பதே, அவர்கள் முன்னர் ஒருபோதும் தவளை உண்ணவில்லை என்பதற்கு நிரூபணமாகும். விசாரணைக்குழுவுக்கே தவளையைக் கொடுக்கத் துணிந்த சமையல்காரரைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. எனினும், அன்னாரின் கோழி சிறந்தது என்பதையும் பதிவு செய்கிறது."

அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது சங்கத்துக்கு ஒரு பிரதி பதிவுத்தபாலில் போனது.

வாசலில் தலைவர் ஜெயரட்ணத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஓடர் உமக்குத்தான் தம்பி. மறந்துபோகாதேயும், கோழி மட்டுந்தான். சங்கம் அங்கீகரிச்ச அந்தக் கோழி. கடைசியாய்க் கொண்டு வந்தீரே ஒரு சாமான், அதின்ரை நிழல்கூட றிசெப்சன் பக்கம் வரக்கூடாது."

ஜெயரட்ணம் பஸ்ஸில் வரும்போது யோசித்தான். கோழி சமைத்தால் தவளை என்று துப்புவார்கள். தவளை சமைத்தால் கோழி என்று புகழ்வார்கள். அது ஒஷாவா ஆட்களுக்குப் பிடிபட்டால் கலியாணப் பெட்டைக்கும் வெட்கம், தனக்கும் இந்த ஊரில் சட்டி தூக்க வழியில்லை. மாட்டன் என்று சொன்னால் ஓடர் இல்லை. லோறன்ஸில் இறங்கவேண்டியவன் இரண்டு தரிப்புத் தாண்டி இறங்கினான்.

அடுத்தநாள் காலை கிச்சின் கதவைத் தட்டிக்கொண்டு தலைவரின் மனுசி புனிதவதி வந்தா. கையில் ஒரு கொப்பி. றிசெப்சனுக்கு என்னென்ன என்று எழுதிக்கொண்டு போக வந்திருந்தா. நீக்கிலாஸ் கதிரையைத் துடைத்துப் போட்டான்.

ஜெயரட்ணம் ஏப்ரனைக் கழற்றினான். திரும்பவும் கட்டினான்.

"அக்கா, எழுத முன்னம் நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லவேணும்."

"சொல்லும்."

விசாரணை தொடங்கியபிறகு அவனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவதான்.

"ஆண்டுவிழாவிலை நீங்கள் எல்லாரும் சாப்பிட்டது தவளை அக்கா. கடைசியாய் அவையள் துப்பினதுதான் கோழி. சத்தியமாய். நீங்கள் ஓடரை நிப்பாட்டினாலும் பரவாயில்லை, பெட்டையின்ரை கலியாணத்திலை நான் பொய் சமைக்கமாட்டன்."

புனிதவதி கொப்பியை விரித்து மடியில் வைத்தா. "அது தெரியுந்தானே," என்றா.

"தெரியுமோ?"

"கோழிக்காலிலை பெரிய எலும்புக்குப் பக்கத்திலை ஊசி மாதிரி ஒண்டு நிக்கும். பிள்ளையளுக்குக் குடுக்கேக்கை தொண்டையிலை குத்திப்போடும் எண்டு அதைத்தானே முதல்லை உருவி எறியிறது. அண்டைக்கும் பழக்கத்திலை தேடினன். இல்லை. அடுத்ததிலை தேடினன். அதிலையும் இல்லை. பக்கத்திலை இருந்த பொருளாளரின்ரை மனுசி கிளடிசைப் பாத்தால், அவவும் பிளேட்டுக்குள்ளை தேடிக்கொண்டிருக்கிறா."

"பிறகு?"

"பிறகென்ன? ஒராளை ஒராள் பாத்தம். நல்ல ருசியாய் இருந்துது. சாப்பிட்டம்."

நீக்கிலாஸ் சிரிப்பை மறைக்கப் பிறீசருக்குள் தலையை விட்டான்.

"அப்ப ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை? நான் ஏழு கிழமையாய்..."

"எங்களிட்டை ஆர் கேட்டது? மூண்டு பேர் விசாரிச்சவை, எட்டுப் பேர் பாத்துக்கொண்டிருந்தவை. அவ்வளவும் முழு ஆம்பிளையள். ஒவ்வொரு ஞாயிறும் வயிறு முட்டி ஏவறை விட்டுக்கொண்டு வந்து கட்டில்லை விழுவார். ஒருநாளெண்டாலும், 'புனிதம், நீயும் சாப்பிட்டனீதானே, என்னெண்டு தெரிஞ்சுது?' எண்டு உந்த மனுசன் கேட்டதே? முப்பது வருசம் அந்த வீட்டிலை கோழி வெட்டினது ஆர்? மாஸ்ரரே?"

ஜெயரட்ணம் கொப்பியைப் பார்த்தான். "அப்ப... றிசெப்சனுக்கு, அக்கா?"

புனிதவதி பேனையின் மூடியைக் கழற்றினா.

"முப்பது வருசத்திலை நான் வைச்ச ஒரு கறியை நல்லதெண்டு அவர் சொன்னதில்லை. உம்மடை சமையலைப் பதினெட்டுப் பக்கத்திலை எழுதி வாசிச்சிருக்கிறார். அவருக்கு நீர் அதையே குடும். அவையளின்ரை மேசை தனியத்தானே, மேடைக்கு முன்னாலை. சங்கத்து ஆக்களுக்கு மட்டும் சங்கத்துக் கோழி. மற்ற ஆக்களுக்கு உண்மையான கோழியிலை ஒரு நல்ல பிரட்டல் கறியாய் வையும். மச்சமாமிசம் சாப்பிடாத ஆக்களுக்கு வேறை மேசை."

"பொய்யாய் இருக்காதோ அக்கா?"

"என்ன பொய்? அவையள் கேட்டது அதைத்தானே? தீர்மானம் போட்டெல்லோ கேட்டிருக்கினம்."

இதற்கு மேல் யாப்பில் இடம் இல்லை என்று ஜெயரட்ணத்துக்குத் தோன்றியது. மனம் லேசாகி, சரக்குக்காரனுக்கு எத்தனை சொல்லவேண்டும் என்று எண்ணத் தொடங்கிவிட்டான். புனிதவதி எழுதி முடித்து, கொப்பியை மூடி, கைப்பையைத் தோளில் போட்டா. கதவடியில் போய் நின்று திரும்பினா.

"தம்பி, எனக்கும் கிளடிசுக்கும் அதிலை ரெண்டு பிளேட் ஒதுக்கி வையும். தேசிக்காய் கொஞ்சம் கூடவாய்."